அறுநூற்று நாற்பத்தொரு முறை

ஏழு மாதமாக வாசலைத் தாண்டாத அம்மா, மகளின் கல்லூரிக்கு வர ஒப்புக்கொண்டாள் என்று போன வாரம் நிறுத்தியிருந்தேன். அவ்வளவு பிடிவாதக்காரி எப்படி இறங்கி வந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. "எங்க காலேஜ்ல சிக்னல் நல்லா கிடைக்கும்மா" என்று சின்னவள் சொன்னாள், அவ்வளவுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டில் இப்போது மூன்று பெண்கள். அம்மா, வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் மகள் சின்னவள், பெரிய துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் மருமகள். மருமகளைச் சின்னவள் அண்ணி என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். அண்ணியின் கணவன் சரக்குக் கப்பலில் எந்திர வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அதில் கடைசி ஏழு மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை.

அவனை அனுப்பிய கம்பெனியைக் கூப்பிட்டால் தகவல் வந்தால் சொல்கிறோம் என்பார்கள். வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சமையலறை ஜன்னல். போனை அங்கே வைத்துவிட்டு அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

முதல் மாதம் மூவரும் அழுதார்கள். அடுத்த மாதம் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிறார்கள். துணி நனைந்தால் மறுபடி காயப்போடுகிறார்கள். சாப்பாட்டில் உப்பில்லை என்று யாராவது சொல்லியே மாதக்கணக்காகிறது, உப்பு இருந்ததா என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் கல்லூரியில் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். தினசரி வாழ்க்கையில் யாரோ ஒருவர் படுகிற சிரமத்தை எடுத்துக்கொண்டு, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு தீர்வைச் செய்ய வேண்டும். ஒருத்தன் கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற வண்டி செய்தான். ஒருத்தி நடுங்கும் கைகளுக்காக மாத்திரை அட்டை பிரிக்கும் கருவி செய்தாள்.

சின்னவள் அண்ணியின் காலைப் பார்த்தாள். கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் அண்ணி. அதற்காக ஒரு மடக்கு இருக்கை. இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, ஒற்றைக் கால், விற்பனை மேஜையின் விளிம்பில் மாட்ட இரண்டு கொக்கி. மடக்கினால் துணிப்பைக்குள் அடங்கிவிடும்.

பதினெட்டு வேலை நாள் சோதனை. தினமும் ஒரு தாள். எத்தனை முறை உட்கார்ந்தீர்கள், காலில் என்ன உணர்ந்தீர்கள் என்று கேள்விகள். வலி, எரிச்சல், மரத்துப்போதல் என்று கட்டங்கள். அண்ணி ஒரு நாள் விடாமல் நிரப்பிக் கொடுத்தாள். கடையில் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று சின்னவள் கேட்டபோது, "நான் பாத்துக்கறேன் குட்டி" என்று சொல்லிவிட்டாள்.

இன்று மதியம் மூன்று மணிக்கு மதிப்பீடு. நேற்றே இருக்கையைத் திருப்பிக் கேட்டபோது அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கும் எடுத்துட்டுப் போகட்டுமா? சாயங்காலம் குடுத்துடறேன்."

"மூணு மணிக்கு மேடைல வைக்கணும் அண்ணி."

"சரி," என்றாள். இன்று காலை சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

*

காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பட்டறையில் சின்னவள் இருக்கையைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினாள். பலகைக்கு அடியில் ஒரு ரகசியம் வைத்திருந்தாள். வாசலில் ஆள் நுழைய நுழைய எண்ணுவார்களே, அந்தச் சின்ன எண்ணும் கருவி. யாராவது உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி எண் ஒன்று கூடும். "பயனர்கள் நமக்குப் பிடிச்ச பதிலைத்தான் எழுதுவாங்க, மெஷினுக்கு அந்த நல்ல மனசெல்லாம் கிடையாது" என்று வகுப்பில் டீச்சர் சொன்னதைக் கேட்டு வைத்தது. அண்ணியிடம் சொல்லவில்லை.

அண்ணியின் தாள்களைக் கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டு முறை. கருவியில் அறுநூற்று நாற்பத்தொன்று இருந்தது.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். நாற்பது வருடமாக மாணவர்கள் செய்யும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் அசராத மனிதர்.

"கருவி கெட்டுப் போச்சாண்ணே?"

அவர் பலகையை விரலால் முப்பது தடவை அமுக்கினார். எண் சரியாக முப்பது கூடியது. பொறுமையாகப் பின்னால் திருகி மறுபடி அறுநூற்று நாற்பத்தொன்றில் கொண்டுவந்து வைத்தார். "மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. உங்க அண்ணிதான் உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, எக்சர்சைஸ் பண்ணிருக்காங்க போல."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு முப்பத்தைந்து தடவைக்கு மேல். எந்தத் துணிக்கடையில் விடுவார்கள்? கொக்கியின் உள்பக்கத்தைப் பார்த்தாள். மரமேஜையில் மாட்டியிருந்தால் வார்னிஷ் ஒட்டியிருக்க வேண்டும். துரு ஒட்டியிருந்தது. இரும்பில் மாட்டியிருக்கிறார்கள்.

தாள்களை இன்னொரு முறை புரட்டினாள். முதல் எட்டு நாள் 'வலி' என்ற கட்டத்தில் டிக். ஒன்பதாம் நாளிலிருந்து 'மரத்துப்போதல்'. வலி குறைந்து மரத்துப்போவது முன்னேற்றமா என்று போன வாரம் டீச்சரிடம் போய்க் கேட்டிருந்தாள் இந்தப் பெண். டீச்சருக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் இந்தக் கணக்கு நேராக வேண்டும். இல்லாவிட்டால் சோதனையே பொய் என்று ப்ராஜெக்டைத் தள்ளிவிடுவார்கள், ஒரு வருடம் போய்விடும். இருக்கையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு பஸ் ஏறினாள்.

*

கடையின் இரண்டாம் மாடியில் படுக்கை விரிப்புப் பிரிவு. அண்ணி நிற்கும் இடத்தில் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரிக்குச் சின்னவளைத் தெரியும். மடித்த விரிப்பையே திரும்பத் திரும்ப நீவிக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள்.

"எதுக்கும்மா இங்க வந்த? அவங்களைத்தான் நிப்பாட்டிட்டாங்களே."

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு. ஒரு மடக்கு நாற்காலி கொண்டாந்தாங்கல்ல, அன்னைக்கே. மேஜைல மாட்டி உக்காந்தாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கும். மேனேஜர் பாத்துட்டார். வாங்கறவங்க நிக்கறாங்க, நீ மகாராணியாட்டம் உக்காந்திருக்கியான்னு கேட்டார். மறுநாள் வர வேண்டாம்னுட்டார்."

சின்னவள் விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீலம், வெள்ளை, மறுபடி நீலம்.

"வீட்ல சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டாங்க. நீயா வந்து கேட்டா நான் என்ன பண்றது." அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள். "தினம் காலைல நான் வர்ற பஸ்லதான் வர்றாங்க. நாலு ஸ்டாப் முன்னாடி, கப்பல் கம்பெனி ஆபீஸ்ல இறங்கிடுவாங்க."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று குரலை மாற்றி, "டபுள் சைஸ்ல இந்தக் கலர் இல்லைங்க" என்றாள்.

*

கப்பல் கம்பெனி மூன்றாம் மாடியில் இருந்தது. நீளமான வராந்தா, ஒரு பக்கம் கம்பி போட்ட ஜன்னல்கள், மறுபக்கம் சின்னக் கண்ணாடித் துவாரம் வைத்த கவுண்டர். பத்துப் பன்னிரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். கப்பலுக்குப் போனவர்களின் மனைவி, அப்பா, தங்கை. நாற்காலி ஒன்றுகூட இல்லை. போட்டால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று எடுத்துவிட்டார்களாம்.

கர்ப்பிணிப் பெண் ஒருத்தி முதலில் பையைப் பார்த்தாள், பிறகுதான் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். "நாற்காலி வந்துடுச்சு," என்றாள் மற்றவர்களிடம்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் பையை வாங்கி, இருக்கையை எடுத்து, ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டார். கொக்கி நழுவாமலிருக்க, அது மாட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் பழைய துணி ஏற்கெனவே சுற்றியிருந்தது. அந்தத் துணியை அவள் யோசிக்கவே இல்லை. நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் தோன்றாதது.

கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்தாள். டிக் என்று சத்தம் வந்தது.

"டிக்னு கேட்டா பத்து நிமிஷம்," என்று பெரியவர் விளக்கினார், செய்தவளிடமே. "அடுத்த டிக் அடுத்த ஆளுக்கு. சண்டை சச்சரவு கிடையாது. அந்தம்மா போட்ட ரூல்."

அந்தம்மா வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்து அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

"கடைக்குப் போயிட்டு வர்றேன் அண்ணி."

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன் நாற்காலியாலதான் வேலை போச்சுன்னு நினைப்ப. ப்ராஜெக்டையும் விட்டுடுவ. அதான்."

"அது என்னாலதானே போச்சு."

"பாத்தியா," என்றாள் அண்ணி.

பின்னால் மறுபடி டிக் கேட்டது. பெரியவரின் முறை.

"அடியில ஏதோ எண்ணுதுன்னு முத நாளே தெரியும் குட்டி. உக்கார்ற ஒவ்வொரு தடவையும் டிக்குங்குது, எனக்குக் கேக்காதா? கணக்கு குறைஞ்சா உனக்கு மார்க் குறையுமேன்னு எல்லாரையும் உக்காரச் சொன்னேன். அப்புறம் அவங்களே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. தாள்ல நான் உக்காந்ததை மட்டும்தான் எழுதினேன். அதிகமாயிடுச்சா?"

"அறுநூத்தி நாப்பத்தொண்ணு."

"ஐயோ," என்றாள் அண்ணி. அந்த ஐயோவில் பதற்றமே இல்லை. அரிசி கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்ட மாதிரி சொன்னாள்.

சின்னவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அண்ணனைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. ஒன்பதாம் நாளே சொல்லிட்டாங்க. இதெல்லாம் போன்ல சொல்ல மாட்டாங்களாம்." டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். "உயிரோடதான் இருக்கார். ஒரு குறையும் இல்ல. ஏழு மாசம் முன்னாடியே வேலை முடிஞ்சு கையெழுத்துப் போட்டுக் கப்பல்ல இருந்து இறங்கிட்டாராம். இனிமே கடுதாசி போட இந்த அட்ரஸ்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கார்."

சின்னவள் சீட்டைப் பிரித்தாள். அது வேறு நாட்டு முகவரி இல்லை, வேறு ஊர் முகவரிகூட இல்லை. கல்லூரிக்கும் இந்த ஆபீசுக்கும் நடுவில், அவள் சற்று முன் பஸ்ஸில் தாண்டி வந்த தெரு.

"இது..."

"ஆமா. நம்ம பஸ் அந்த வழியாத்தான் போகுது. தினம் ரெண்டு தடவை."

"ஒரு தடவையாவது இறங்கிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அண்ணி இன்னும் இங்க வந்து நிக்கறீங்க? அதான் பதில் சொல்லிட்டாங்களே."

அண்ணி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், கேள்வி அவளுக்கே புதிது போல. "காலைல ஒன்பதுக்குக் கிளம்பினா ராத்திரி வரைக்கும் எங்கயாவது இருக்கணுமே. வேற எங்க போய் உக்கார்றது?"

*

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பீட்டுக்குப் பயனரும் வர வேண்டும் என்பது விதி. அண்ணி வர மாட்டேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கூப்பிட்டதும் ஏறிவிட்டாள்.

"பழைய தாளையே குடுத்துடு," என்றாள். "கடை, நூத்திப் பன்னெண்டு தடவை, கால்வலி குறைஞ்சுது. யாருக்கும் நஷ்டமில்ல. அத்தை வேற வர்றாங்க."

அதுதான் சிக்கல். உண்மையான எண்ணை எழுதினால் உண்மையான இடத்தையும் எழுத வேண்டும். இடத்தை எழுதினால் அம்மா படிப்பாள். பொய்யை எழுதினால் ப்ராஜெக்ட் தேறிவிடும், அண்ணி நாளைக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், அம்மா ஜன்னலுக்குத் திரும்புவாள்.

பஸ் அந்தத் தெருமுனையில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருத்தர் ஏறினார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு நாளில் அந்த முதுகு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

பஸ் கிளம்பியதும் சின்னவள் பதினெட்டாம் நாள் தாளை எடுத்தாள். கடைசிக் கேள்வி மட்டும் நிரப்பாமல் இருந்தது. "இதை விட்டுட்டீங்க அண்ணி. இந்த இருக்கை இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?"

அண்ணி பேனாவை வாங்கினாள். பஸ் குலுங்கக் குலுங்க, நிதானமாக எழுதினாள்.

'வீட்டில் சொல்லியிருப்பேன்.'

*

பெரிய கூடம். சிலிண்டர் வண்டி, மாத்திரைக் கருவி, மற்ற மாணவர்கள் செய்த இன்னும் இருபது சாமான்கள். மனிதர்களின் சிரமத்தைத் தீர்க்க வந்த அந்தக் கூடத்தில், பார்க்க வந்த மனிதர்கள் உட்கார ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார்கள்.

சின்னவள் இருக்கையை ஒரு மேஜையில் மாட்டினாள். பின்னால் இருந்த அட்டையில் நூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு மார்க்கரால் 641 என்று எழுதினாள். அதற்கு மேலே, 'பயன்படுத்திய இடம்: துணிக்கடை' என்பதில் துணிக்கடையை அடித்தாள். அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

டீச்சர் வந்து நின்றார். "என்ன இது? எண்ணு எகிறியிருக்கு, இடத்தைக் காணோம்?"

"கடைல சோதனை நடக்கல மேடம். தாள்ல இருக்கறது தப்பு. நான் அனுமதி வாங்காம விட்டுட்டேன். முத நாளே இவங்களுக்கு வேலை போயிடுச்சு."

டீச்சர் அண்ணியைப் பார்த்தார். அப்புறம் அட்டையைப் பார்த்தார். "அப்ப அறுநூத்திச் சொச்சம் பேர் எங்க உக்காந்தாங்க? அதை எழுது. எழுதலைன்னா நான் எதை வெச்சு மார்க் போடறது?"

சின்னவள் மார்க்கரைப் பிடித்தபடி நின்றாள். கூடத்தின் வாசலில் அம்மா தெரிந்தாள். போனைக் கையில் ஏந்திக்கொண்டு, வழியில் யாரும் இடித்துத் தட்டிவிடாமல் பார்த்துப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு இவ்வளவு தூரம் நடக்கிறாள். மூச்சு வாங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

அண்ணி சின்னவளின் கையிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டாள். அட்டையில் காலியாக இருந்த இடத்தில் கப்பல் கம்பெனியின் பெயரை எழுதினாள். பக்கத்தில் 'மூன்றாம் மாடி வராந்தா' என்று சேர்த்தாள். மார்க்கரை மூடி மேஜைமேல் வைத்தாள். டீச்சர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

"நாலு கோடு வருதுடி இங்க," என்றாள் அம்மா, வந்ததும் வராததுமாகப் போனைக் காட்டி. "வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் வரும். இதுதான் நீ செஞ்சதா?"

"ஆமாம்மா."

"உக்காரலாமா? கால் கடுக்குது."

யாரும் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள். டிக்.

"என்ன சத்தம்?"

அண்ணிதான் சொன்னாள். "எத்தனை பேர் உக்காந்தாங்கன்னு எண்ணுது அத்தை."

"அப்படியா. ரொம்பப் பேரோ?" அம்மா திரும்பி அட்டையைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடித்ததையும் எழுதியதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கம்பெனிப் பெயரில் வந்து நின்றாள். அந்தப் பெயரை அவள் ஏழு மாதமாக போனில் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருக்கிறாள். "இது... இது அவன் கம்பெனி இல்ல?"

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். மாதக்கணக்காக அந்த வீட்டில் யாரும் யாரையும் தொட்டதில்லை. மற்றொரு கையால் போனை மெதுவாக வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எழுந்திருக்காதீங்க அத்தை," என்றாள். "உக்காந்தே கேளுங்க."